முதல் பக்கத்தில் "சம பங்காளி", பட்ஜெட்டில் "நாள் கூலி": அகதிகள் பற்றிய கூட்டு ஆய்வை எப்படி அமைப்பது?

மேசைவிளக்கு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மூன்று தரப்பு சேர்ந்து ஒரு கூட்டு ஆய்வுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம். நிதியைப் பெறும் பல்கலைக்கழகம் ஒரு பணக்கார நாட்டில் இருக்கிறது. நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகம் அகதிகள் தங்கியிருக்கும் நாட்டில். மூன்றாவது, முகாமில் அகதிகளே நடத்தும் ஒரு சிறிய அமைப்பு. முகாமை விட்டு நகரத்துக்குப் போனவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதுதான் ஆய்வுக் கேள்வி. இரண்டு ஆண்டுகள், 120 பேட்டிகள்.

நேற்று இரவு பட்ஜெட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்றாவது தரப்பு ஒரே ஒரு வரியில் இருக்கிறது: "கள உதவியாளர்கள், 6 பேர், நாள் கூலி". ஆனால் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் அதே அமைப்பை "சம பங்காளி" என்று எழுதியிருக்கிறோம். இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகு தூக்கமே வரவில்லை. கெட்ட எண்ணத்தோடு யாரும் இப்படி எழுதவில்லை. நானும் இருந்துதான் எழுதினேன்.

சமர்ப்பிக்க 11 நாள் இருக்கிறது. இதை எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது? இப்படிப்பட்ட கூட்டில் இருந்தவர்கள், பேட்டி எடுத்தவர்கள், பேட்டி கொடுத்தவர்கள் யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.


பழையபாடம்

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். விண்ணப்பம் போன பிறகு இந்தக் கேள்வி வந்தால் பதில் ஒன்றுதான்: "அடுத்த முறை பார்க்கலாம்." பட்ஜெட் ஒருமுறை ஒப்புதலாகிவிட்டால் யார் யாருக்குக் கீழே என்பதும் அதோடு முடிவாகிவிடும்.

இந்தத் துறையின் பிறப்பிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் 1982-இல் பார்பரா ஹாரல்-பாண்ட் அகதிகள் ஆய்வுக்கென்று ஒரு மையத்தைத் தொடங்கினார். தெற்கு சூடானில் உகாண்டா அகதிகளிடையே அவர் செய்த கள ஆய்வு, உதவி நிறுவனங்கள் அகதிகளை வெறும் கை ஏந்துபவர்களாக நடத்துவதை நேருக்கு நேர் கேள்வி கேட்டது. ஆய்வில் அகதிகளுக்குப் பங்கு வேண்டும் என்பது அன்றே பேசப்பட்ட விஷயம். பின்னாளில் கம்பாலாவின் மகெரேரே பல்கலைக்கழகத்திலும் கெய்ரோவிலும் இதே துறை வேர்பிடிக்க அவர் உழைத்தார். 1988-இல் இத்துறைக்கென்று தனி ஆய்விதழும் வந்துவிட்டது. ஆனாலும் இத்தனை ஆண்டுக்குப் பிறகு இதழ்களைப் புரட்டினால் எழுதியவர்களில் மிகப் பெரும்பாலானோர் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உட்கார்ந்து எழுதியவர்கள்தான்.

அகதிகள் இருக்கும் இடம் வேறு. ஐ.நா. அகதிகள் முகமையின் கணக்குப்படி 2024 முடிவில் வலுக்கட்டாயமாக இடம்பெயர்க்கப்பட்டவர்கள் 12.32 கோடிப் பேர். இதில் 7.35 கோடிப் பேர் எல்லையைத் தாண்டவே இல்லை, சொந்த நாட்டுக்குள்ளேயே அலைகிறார்கள். எல்லை தாண்டியவர்களிலும் 67 சதவீதம் பேர் பக்கத்து நாட்டில்தான் இருக்கிறார்கள். 73 சதவீதத்தினருக்கு இடம் கொடுத்திருப்பவை குறைந்த, நடுத்தர வருமான நாடுகள். ஆட்கள் ஓரிடம், ஆய்வுப் பணம் வேறிடம். கூட்டு ஆய்வு என்ற ஏற்பாடே இந்த இடைவெளியில்தான் முளைக்கிறது. அதனால் உங்கள் பட்ஜெட்டில் அந்த ஒரு வரி வந்து உட்கார்ந்தது தற்செயல் இல்லை.

இந்தியச் சட்ட அறிஞர் பி.எஸ். சிம்னி 1998-இல், மேலே சொன்ன அந்த ஆய்விதழில் எழுதிய கட்டுரையைத் தேடிப் படியுங்கள். அகதி ஆய்வுகளின் கவனம் எப்போதெல்லாம் எந்தப் பக்கம் திரும்பியது, அது பணக்கார நாடுகளின் அரசியல் தேவையோடு எப்படிப் பிணைந்திருந்தது என்று தெற்கிலிருந்து, அதாவது ஏழை நாடுகளின் பக்கமிருந்து பார்த்து எழுதியிருப்பார். கேள்வியை வடிவமைப்பது யார் என்பதுதான் முதல் பிரச்சினை. கூலி அதற்கு அப்புறம்தான்.


முகாம்பக்கம்

நான் முகாமில் ஏழு வருஷம் இருந்தவன். அங்கே இருந்தபடியே மூன்று ஆய்வுகளுக்குப் பேட்டி எடுத்துக் கொடுத்தேன். ஒரு பேட்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஐம்பது வயது இருக்கும் ஓர் அம்மா. மதிய நேரம், தகரக் கூரை, உள்ளே அனல். ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டினேன். விருப்பமில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், இதனால் உங்களுக்குக் கிடைக்கும் உதவி கூடவும் கூடாது, குறையவும் குறையாது என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். தலையாட்டினார். தலையாட்டிக்கொண்டே பாயின் அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே பதிவுச் சீட்டும் ரேஷன் அட்டையும். அதை மடியில் வைத்து, பேட்டி முடியும் வரை அதன்மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை.

"ஏன் ஊரை விட்டு வந்தீர்கள்?" என்ற கேள்விக்கு நாலு வாக்கியம் சொன்னார். அந்த நாலு வாக்கியமும் நான் ஏற்கெனவே கேட்டவை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பதிவு அலுவலகத்துக்கு அவரோடு துணைக்குப் போயிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரியிடம் இதையேதான், இதே வரிசையில் சொன்னார். ஒரு சொல் மாறினாலும் "அன்றைக்கு வேறு மாதிரிச் சொன்னாயே" என்று எழுதிவிடுவார்களோ என்ற பயம். நான் எழும்போது கேட்டார்: "தம்பி, இதை எப்ப மேல அனுப்புவீங்க?"

படிவத்தில் அவர் கைநாட்டு இருக்கிறது. ஆய்வின் கணக்கில் அது முறையான ஒப்புதல் பெற்ற பேட்டி. ஆனால் அவர் பேசியது ஆய்வாளரிடம் இல்லை, தன் கோப்பைப் பார்க்கப் போகிறவரிடம். இதைத் தலைமை ஆய்வாளரிடம் தொலைபேசியில் சொன்னேன். "குறிப்பாக எழுதி வையுங்கள்" என்றார். எழுதி வைத்தேன். அந்தக் குறிப்பேட்டை யாரும் கேட்கவே இல்லை. அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

மேசைவிளக்கு, உங்கள் ஆறு பேருக்கும் இப்படி நூறு விஷயம் தெரிந்திருக்கும். நாள் கூலி கொடுத்தால் 120 பேட்டி கிடைக்கும். குறிப்பேடு கிடைக்காது.


இருமொழி

முகாம்பக்கம் அண்ணா எழுதியதைப் படித்ததும் பழைய வேலை ஒன்று ஞாபகம் வந்தது. நான் மொழிபெயர்ப்பாளர். ஆங்கிலத்தில் எழுதிய கேள்விப் பட்டியலைத் தமிழாக்கித் தருவதும், தமிழ்ப் பேட்டிகளை ஆங்கிலத்தில் எழுதித் தருவதும் என் வேலை.

ஒரு பட்டியலில் "ஹோம்" என்ற சொல் வந்தது. அங்கே திரும்பிப் போக விருப்பமா என்று கேள்வி. எனக்கு முன்னால் இருந்தவர் "வீட்டுக்குத் திரும்ப விருப்பமா?" என்று தமிழாக்கி வைத்திருந்தார். ஒரு பாட்டி சொன்ன பதில்: "வீடு எங்க இருக்கு? அது இடிஞ்சு போச்சே." அட்டவணையில் அவர் பெயருக்கு நேரே "திரும்ப விருப்பமில்லை" என்று குறித்துவிட்டார்கள். ஒலிப்பதிவை நான் முழுதாகக் கேட்டேன். அடுத்த பத்து நிமிஷமும் அந்தப் பாட்டி ஊரைப் பற்றித்தான் பேசுகிறார். கிணற்றைப் பற்றி, தங்கையின் மகளைப் பற்றி, என்றைக்கு வழி திறக்கும் என்பதைப் பற்றி. "ஊருக்குத் திரும்ப விருப்பமா" என்று கேட்டிருந்தால் பதில் நேர்மாறாக இருந்திருக்கும். தமிழில் வீடு வேறு, ஊர் வேறு. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. கேள்வி எழுதும் நாளில் அந்த மொழி பேசுகிற ஒருவர் மேசையில் இருந்தால் போதும்.

இன்னொன்று, இழைக்குக் கொஞ்சம் வெளியே. நாம் "அகதி" என்கிறோம், சிலர் "ஏதிலி" என்கிறார்கள். அகதி என்றால் கதியற்றவர். ஏதிலி என்றால் ஏதும் இல்லாதவர் என்று பொருள் சொல்வார்கள். பழைய தமிழில் ஏதிலார் என்றால் அயலார். இரண்டுமே அந்த மனிதரிடம் இல்லாததை வைத்துப் பெயரிடுகிற சொற்கள். 1951 ஐ.நா. அகதிகள் ஒப்பந்தமோ இனம், மதம், தேசிய இனம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகிய காரணங்களால் துன்புறுத்தப்படுவோம் என்று தகுந்த காரணத்தோடு அஞ்சுபவர் என்று வரையறுக்கிறது. அதாவது அவருக்கு ஒரு காரணம் இருக்கிறது, ஓர் உரிமை இருக்கிறது. பேட்டிக்கு முன்னால் "உங்களை நீங்கள் எப்படிச் சொல்லிக்கொள்வீர்கள்?" என்று கேட்டுவிட்டு அந்தச் சொல்லையே பயன்படுத்துவது நல்லது.


ஒருகேள்வி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பங்கு, கூலி எல்லாம் சரி. இந்த ஆய்வு தேவையா என்று யாருமே கேட்கவில்லையே.

பெய்ரூட்டில் ஷட்டிலா என்று ஒரு பாலஸ்தீன அகதி முகாம். 1949-இல் உருவானது, 1982 படுகொலையால் உலகத்துக்கே தெரிந்த பெயர். அங்கே ஆய்வாளர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். மேசூன் சுகரியே, ஸ்டூவர்ட் டானக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2013-இல் அந்த மக்களிடம் போய் "உங்களை ஆய்வு செய்வதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்றே கேட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். வந்தார்கள், கேட்டார்கள், போனார்கள், எதுவும் மாறவில்லை என்ற சலிப்பு அதில் நிறைந்திருக்கும். போய்ச்சேர எளிதான, பெயர் தெரிந்த முகாம்களுக்கே திரும்பத் திரும்பப் போகிறோம். யாரும் எட்டிப்பார்க்காத இடங்கள் அப்படியே கிடக்கின்றன. 120 பேருடைய துயரத்தைக் கிளறுவதற்கு முன்னால், இதே கேள்விக்கு ஏற்கெனவே பதில் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?


மேசைவிளக்கு

நியாயமான கேள்வி. நகரத்துக்குப் போனவர்களைப் பற்றி அந்தப் பகுதியில் அதிகம் இல்லை என்றுதான் தேடிய வரையில் தெரிகிறது. ஆனால் கேள்வியைத் தேர்ந்தெடுத்தது நாங்கள் இரண்டு பல்கலைக்கழகமும்தான். முகாம் அமைப்பிடம் "இதில் சேர்கிறீர்களா" என்று கேட்டோமே தவிர, "எதை ஆராயலாம்" என்று கேட்கவில்லை. எழுதும்போதே உறைக்கிறது.


முகாம்பக்கம்

ஒருகேள்வி, உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் "தேவையில்லை" என்று முடித்துவிட்டால் எங்களுக்குத்தான் நஷ்டம். ஆய்வாளர் வராவிட்டால் எங்களைப் பற்றி எழுதப்படுவது எல்லாம் அரசாங்கத்தின் எண்ணிக்கையும் உதவி நிறுவனங்களின் ஆண்டறிக்கையும் மட்டும்தான். எங்களுக்குத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் இருக்கின்றன. சான்றிதழ் இல்லாமல் பிள்ளைகள் படிப்பு எந்த வகுப்போடு நிற்கிறது, வேலை கொடுப்பவர் கூலியைப் பிடித்துக்கொண்டால் எங்கே போவது, இதையெல்லாம் யாராவது முறையாக ஆராய்ந்தால் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நாங்களே போய்ப் பேசுவோம். ஆராய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் கேள்வியையும் சேர்த்து ஆராயுங்கள் என்கிறேன்.

ஆய்வு முடிந்ததும் எங்கள் மொழியில் நாலு பக்கம் எழுதி முகாமுக்குள்ளே வாசித்துக் காட்டுங்கள். நான் வேலை பார்த்த மூன்று ஆய்விலும் இது நடக்கவில்லை.


கணக்குநோட்டு

தரவு பற்றிச் சொல்கிறேன், இதில் கவனம் தப்பினால் ஆளுக்கே ஆபத்து.

2021 ஜூனில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. வங்கதேசத்தில் ரோஹிங்கியா அகதிகளைப் பதிவு செய்தபோது திரட்டிய விவரங்கள் வங்கதேச அரசு வழியாக மியான்மர் அரசுக்கே போய்விட்டன, அப்படிப் போகும் என்று பலருக்குத் தெளிவாகத் தெரியவில்லை என்பது குற்றச்சாட்டு. தெரிவித்துவிட்டுத்தான் செய்தோம் என்று ஐ.நா. அகதிகள் முகமை மறுத்தது. எப்படிப் பார்த்தாலும் யாரிடமிருந்து தப்பி ஓடினார்களோ அவர்கள் கையிலேயே பெயர்ப்பட்டியல் போய்ச் சேர்ந்தது. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எப்படி எல்லை தாண்டினார்கள் என்று நினைத்துப் பாருங்கள், அப்போது இதன் கனம் புரியும்.

அது பதிவுத் தரவு, நம்முடையது ஆய்வுத் தரவு என்று தள்ளிவிட முடியாது. பெயரை நீக்கினால் போதும் என்று நினைக்கிறோம். "47 வயது, செவிலியர், ஒரு கால் இல்லை, இன்ன தெருவில் தையல் கடை" என்று எழுதினால் அந்தப் பகுதியில் எல்லோருக்கும் ஆளைத் தெரிந்துவிடும். செல்பேசியில் எடுத்த படத்துக்குள் இடக்குறிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். கையொப்பமிட்ட ஒப்புதல் படிவமே ஒரு பெயர்ப்பட்டியல்தான், அதனால் பல ஆய்வுகளில் வாய்மொழி ஒப்புதலை ஒலிப்பதிவு செய்துகொள்கிறார்கள். அந்த ஒலிப்பதிவையும் தனியாகப் பூட்டி வைக்க வேண்டும்.

இன்னொரு நெருக்கடி: நிதி தருகிறவர்கள் இப்போது தரவைப் பொதுவில் வையுங்கள் என்று கேட்கிறார்கள். மறு ஆய்வுக்கு அது நல்லதுதான். உலக வங்கியும் ஐ.நா. அகதிகள் முகமையும் சேர்ந்து கோபன்ஹேகனில் 2019-இல் தொடங்கிய கூட்டுத் தரவு மையம், அடையாளம் நீக்கிய கணக்கெடுப்புத் தரவுகள் பயனுக்கு வர உதவுகிறது. ஆனால் எண் அட்டவணை வேறு, மனிதர் வாயால் சொன்ன கதை வேறு. பேட்டிகளைப் பொதுவில் வைக்க மாட்டோம் என்று தரவுத் திட்டத்தில் இப்போதே காரணத்தோடு எழுதிவிடுங்கள். முழுத் தரவும் எந்த நாட்டுக் கணினியில் இருக்கும், முகாம் அமைப்புக்கு அதைப் பார்க்கும் உரிமை உண்டா என்பதையும் எழுத வேண்டும். பேட்டி எடுத்தவர்கள் பேட்டிகளையே பார்க்க முடியாமல் போன கூட்டு ஆய்வுகளைப் பார்த்திருக்கிறேன்.


நெறிக்குழு

ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் ஒரு நெறிமுறைக் குழுவில் இருக்கிறேன். முகாம்பக்கம் சொன்ன கைநாட்டு விஷயம் எங்கள் மேசைக்கு ஒருபோதும் வராது, எங்களுக்கு வருவது வெறும் படிவம்தான். கட்டாய இடப்பெயர்வு ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2018-இல் ஒரு நெறிமுறைத் தொகுப்பு வெளியிட்டது. ஒப்புதல் என்பது ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்வதில்லை, தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியது என்ற பார்வை அதில் உண்டு. அந்த அம்மாவிடம் மூன்று நாள் கழித்துத் திரும்பப் போய், "நீங்கள் சொன்னது எங்கேயும் போகாது, இப்போதும் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டிருக்கலாம். அதற்கு ஒரு நாள் கூடுதல் சம்பளம் வேண்டும். பட்ஜெட்டில் அந்த நாள் இருக்கிறதா?

ஆசிரியர் பெயர் விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் அதிகம் அநியாயம் நடக்கிறது. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த விதியைப் பல துறைகளும் எடுத்துக்கொள்கின்றன. ஆய்வை வடிவமைத்ததிலோ தரவு திரட்டியதிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியோ திருத்தியோ இருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். பொறுப்பேற்க வேண்டும். நாலும் சேர்ந்தால்தான் ஆசிரியர். "களத்தில் இருந்தவர் எழுதவில்லையே" என்று சொல்லிப் பெயரை நன்றியுரையில் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் அதே விதி இன்னொன்றும் சொல்கிறது: முதல் தகுதி உள்ள ஒவ்வொருவருக்கும் எழுதவும் திருத்தவும் ஒப்புதல் தரவும் வாய்ப்பு கொடுக்கப்பட வேண்டும். வரைவையே அனுப்பாமல் இருந்துவிட்டு, எழுதவில்லை என்று விலக்குவது விதிமீறல். இந்த வரியை ஒப்பந்தத்தில் அப்படியே போடச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பெயர் வெளிவருவது சிலருக்கு ஆபத்து. வழக்கு நிலுவையில் இருக்கலாம், ஊரில் உறவினர் இருக்கலாம். பெயர் போடுவதா, புனைபெயரா, அமைப்பின் பெயரா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். நாமாக "பாதுகாப்புக்காக" என்று சொல்லி நீக்கக் கூடாது.


பழையபாடம்

பணம் பற்றி விட்டுவிட்டேன். மூன்று இடத்தில் கூட்டு உடையும்.

முதலாவது, செலவு செய்துவிட்டு ரசீது அனுப்பினால் பணம் தருவோம் என்ற முறை. பல்கலைக்கழகத்தால் தாங்க முடியும். முகாம் அமைப்பால் இரண்டாவது மாதமே முடியாது. முன்பணம் என்று எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது, பணத்தை எப்படிக் கொடுப்பது என்பது. பல நாடுகளில் அகதிக்கு வேலை அனுமதி கிடையாது, வங்கிக் கணக்கும் எளிதில் கிடைக்காது. கென்யாவின் முகாம்களில் அகதிகள் செய்யும் வேலைக்குச் சம்பளம் என்று சொல்லாமல் "ஊக்கத்தொகை" என்று பெயர் வைத்துக் குறைவாகக் கொடுக்கிற வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. அதே வேலையை வெளியாள் செய்தால் சம்பளம். உங்கள் ஆய்வு இந்த வழக்கத்துக்குள் வழுக்கி விழாமல் பாருங்கள்.

மூன்றாவது, பயணம். கருத்தரங்கு வெளிநாட்டில் என்றால் முகாம் பங்காளியால் பெரும்பாலும் வர முடியாது. 1951 அகதிகள் ஒப்பந்தத்தின் 28-ஆம் பிரிவில் பயண ஆவணம் இருக்கிறது, ஆனால் அது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாடுகளுக்கு; அந்த ஆவணம் கையில் இருந்தாலும் விசா கிடைக்க வேண்டும். ஆகவே கருத்தரங்கை அவர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

முடியாத காரியம் இல்லை. 2013 முதல் கனடாவின் யார்க், கென்யாவின் கென்யாட்டா, மோய் உள்ளிட்ட பல்கலைக்கழகங்கள் சேர்ந்து கென்யாவின் தடாப் அகதி முகாமிலேயே பட்டப்படிப்பு நடத்தியிருக்கின்றன. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட வலையமைப்பு ஒன்று ஜோர்டான், லெபனான், கென்யா, தான்சானியா ஆய்வாளர்களோடு சேர்ந்து, அகதிகள் இருக்கும் நாடுகளிலேயே கேள்வி உருவாக வேண்டும் என்று வேலை செய்கிறது. அப்புறம் 2020-இல் கொரோனாவால் பயணம் நின்றபோது நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். வெளியிலிருந்து யாரும் வர முடியவில்லை. பல ஆய்வுகளை உள்ளூரில் இருந்தவர்கள்தான் முடித்துக் கொடுத்தார்கள். அதுவரை "அவர்களுக்குப் பயிற்சி போதாது" என்று சொல்லப்பட்டது.


ஒருகேள்வி

பயிற்சி பற்றி ஒரு வார்த்தை, இந்த முறை உங்கள் பக்கம் நின்று. 2003-இலேயே கேரன் ஜேக்கப்சனும் லோரன் லாண்டாவும் என்ற இரு ஆய்வாளர்கள், அகதி ஆய்வுகளில் முறைமை பலவீனமாக இருக்கிறது, எத்தனை பேரை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்றே பலர் எழுதுவதில்லை என்று சொன்னார்கள். ஆகவே களத்தில் இருப்பவர்களை மதிக்கிறோம் என்பதற்காக முறைமையைத் தளர்த்த வேண்டாம். அந்த ஆறு பேருக்கும் மாதிரித் தேர்வும் பகுப்பாய்வும் கற்றுக்கொடுங்கள். பதில்களை வகைபிரித்துக் குறியிடும் வேலையில் உட்கார வையுங்கள். இருமொழி சொன்ன அந்த அட்டவணையை நிரப்பும்போது இவர்களைப் போன்ற ஒருவர் இருந்திருந்தால் "திரும்ப விருப்பமில்லை" என்று குறித்திருக்க மாட்டார்.


மேசைவிளக்கு

நாலு நாளாக எழுதவில்லை, பேச்சுவார்த்தையில் இருந்தேன்.

"கள உதவியாளர்கள்" வரியை எடுத்துவிட்டோம். முகாம் அமைப்பிலிருந்து இரண்டு பேர் இணை ஆய்வாளர்கள், நாலு பேர் ஆய்வாளர்கள், மாதச் சம்பளம். என் பயணச் செலவையும் இரண்டு வெளிநாட்டுக் கருத்தரங்குகளையும் வெட்டினோம். அந்தப் பணத்தில் ஒவ்வொரு பேட்டிக்கும் இரண்டாவது வருகை சேர்ந்தது. 120 பேட்டி 80 ஆகிவிட்டது. நிதி பெறும் பல்கலைக்கழகத்தில் இதற்கு எதிர்ப்பு வந்தது. இந்த இழையில் வந்த கைநாட்டுக் கதையை, அனுமதி இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அப்படியே சொன்னேன். அதற்குப் பிறகு எண்ணிக்கையைப் பற்றி யாரும் பேசவில்லை. முகாம்பக்கம், முன்பே கேட்டிருக்க வேண்டும். மன்னியுங்கள்.

முன்பணம் இன்னும் முடிவாகவில்லை. அந்த அமைப்புக்குப் பதிவு எண் இல்லாததால் விண்ணப்பப் படிவம் அதன் பெயரையே ஏற்க மறுக்கிறது. எங்கள் துறை வழியாகக் கொடுக்கலாமா என்று நிதிப் பிரிவில் கேட்டிருக்கிறேன்.

கேள்வியும் மாறலாம். வியாழன் மாலை ஆறு மணிக்கு இணையவழிக் கூட்டம். அமைப்பின் செயலாளர் வருகிறார், கேள்விப் பட்டியலை அவர்தான் முதலில் வாசிக்கப்போகிறார். முகாம்பக்கம், இருமொழி, இரண்டு பேரும் வர முடியுமா? உங்கள் நேரத்துக்கும் சம்பளம் எழுதியிருக்கிறேன்.


இருமொழி

வருகிறேன்.


முகாம்பக்கம்

கதையைச் சொன்னது சரிதான், சொல்வதற்காகத்தான் எழுதினேன். வியாழன் வருகிறேன், குறிப்பேட்டையும் எடுத்து வருகிறேன். ஒன்று மட்டும்: பட்டியலில் எங்கேயாவது "வீடு" என்று இருந்தால், செயலாளர் வாசிக்கும் வரை அதை யாரும் திருத்த வேண்டாம். அவர் என்ன பதில் சொல்கிறார் என்று முதலில் கேட்போம்.